‘நேற்று என்ன சாப்பிட்டாய்?’: கூட்டல் கணக்கில் ஒரு காதல் தொடர்

தையல்காரி எழுதியது:

இரண்டு வாரமாக இரவில் ஜாக்கெட்டுகளுக்குக் கொக்கி வைத்துக்கொண்டே இந்த ஜப்பானியத் தொடரைப் பார்த்து முடித்துவிட்டேன். முதல் சீசன் 12 எபிசோடுகள். 2019 ஏப்ரல் முதல் ஜூன் வரை டிவி டோக்கியோவில் வெள்ளிக்கிழமை நள்ளிரவு தாண்டி ஒளிபரப்பாகியிருக்கிறது. ஊர் தூங்கிய பிறகு போடுகிற நேரம்!

கதை சொல்கிற அளவுக்கு ஒன்றும் இல்லை. ககேய் ஷிரோ 43 வயது வழக்கறிஞர். யபுகி கென்ஜி சலூனில் முடி வெட்டுபவர், அவரைவிடக் கொஞ்சம் இளையவர். இருவரும் ஒரே வீட்டில் குடும்பம் நடத்துகிறார்கள். காதலைச் சொல்லத் தவிப்பது, மழையில் ஓடுவது, விமான நிலையத்தில் தடுத்து நிறுத்துவது எதுவும் கிடையாது. தொடர் தொடங்கும்போதே அவர்கள் பழைய தம்பதி.

ஷிரோ வேலை முடிந்ததும் அலுவலகத்தில் ஒரு நிமிடம் கூட நிற்பதில்லை. நேரே சூப்பர்மார்க்கெட். இரண்டு பேருக்கு மாதச் சாப்பாட்டுச் செலவு 25,000 யென்னைத் தாண்டக் கூடாது என்பது அவர் போட்டிருக்கும் கோடு. ஏதோ ஒன்று பத்து யென் மலிவாகக் கிடைத்துவிட்டால் அந்த இறுகிய முகத்தில் ஒரு சிரிப்பு வருகிறது பாருங்கள், எந்தக் கதாநாயகியைப் பார்த்தும் எந்தக் கதாநாயகனுக்கும் அப்படி வந்து நான் கண்டதில்லை.

சமையல் தொடர் என்று சிலர் சொல்கிறார்கள், காதல் தொடர் என்று சிலர். என்னைக் கேட்டால் இது வரவுசெலவுத் தொடர். ஒருவருக்காக இன்னொருவர் எவ்வளவு கணக்குப் பார்க்கிறார் என்பதைத்தான் பன்னிரண்டு வாரமும் காட்டுகிறார்கள். பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

பழையபேப்பர் எழுதியது:

மூன்று எபிசோடு பார்த்தேன். முதலாவதில் ஒருவர் மீனும் காளானும் போட்டுச் சோறு வடிக்கிறார். இரண்டாவதில் ஜாம் கிண்டுகிறார். இன்னொருவர் சாப்பிட்டுவிட்டு ஆகா ஓகோ என்கிறார். மூன்றாவதில் எழுந்து போய்விட்டேன். அவர்கள் ஆணும் ஆணுமாக வாழ்வதில் எனக்கு ஒரு புகாரும் இல்லை. கதை எங்கே என்பதுதான் என் புகார். என் வீட்டிலும் தினம் சமையல் நடக்கிறது. யாரும் வந்து படம் பிடிக்கவில்லை.

ஒசாகாக்காரன் எழுதியது:

பழையபேப்பர் ஐயா, அது வடித்த சோறு இல்லை. அரிசியோடு சால்மன் மீன், மாய்தாக்கே காளான், கோபோ என்கிற நீண்ட கிழங்கு எல்லாம் சேர்த்து ஒன்றாக வேகவைப்பது. இங்கே இலையுதிர் காலம் வந்துவிட்டால் எந்த வீட்டுச் சமையலறையிலும் அந்த மணம்தான்.

மூலம் யோஷினாகா ஃபுமி வரைந்த மாங்கா, அதாவது ஜப்பானியச் சித்திரக்கதை. கொதான்ஷா பதிப்பகத்தின் ‘மார்னிங்’ இதழில் 2007 முதல் வந்துகொண்டிருக்கிறது. நடுவயது ஆண்கள் ரயிலில் புரட்டுகிற இதழ் அது. இளம்பெண்களுக்கான காதல் மாங்கா இதழ் அல்ல. அதில் இரண்டு ஆண்கள் சேர்ந்து வாழும் கதை இத்தனை ஆண்டு ஓடுவதே தனிச் செய்தி. இன்னொரு விசேஷம், பாத்திரங்களுக்கும் வாசகர்களைப் போலவே வருடாவருடம் வயது ஏறுகிறது. கண்ணாடி போடுகிறார்கள், எண்ணெயைக் குறைக்கிறார்கள்.

2023 அக்டோபரில் இரண்டாவது சீசன் வந்தபோது இங்கே விலைவாசி ஏறிக்கிடந்தது. முதல் எபிசோடிலேயே ஷிரோவின் 25,000 யென் கோடு உடைந்து 30,000 ஆகிவிட்டது. ஒரு கதாநாயகன் தோற்றுப்போன காட்சியைப் பார்த்த துக்கம் எனக்கு. அந்த வாரம் நானும் முட்டை விலையைப் பார்த்துவிட்டு முட்டையை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்தவன்.

கடைசிபெஞ்சு எழுதியது:

எல்லோரும் ஷிரோவைக் கொஞ்சுகிறீர்கள். நான் மாற்றுக் கட்சி.

நானும் தன்பாலீர்ப்புள்ளவன்தான், வயது 34. அதனால் இது எனக்குப் பொழுதுபோக்கு விவாதம் இல்லை. முதல் எபிசோடில் என்ன நடக்கிறது? கென்ஜி தன் சலூன் வாடிக்கையாளரிடம், தன்னோடு வாழ்பவர் வழக்கறிஞர் என்று சொல்லிவிடுகிறார். அது தெரிந்ததும் ஷிரோ சீறி விழுகிறார். கென்ஜி திருப்பிக் கேட்கிறார்: கடை முதலாளி தன் மனைவி மக்களைப் பற்றி வாடிக்கையாளர்களிடம் வாய் ஓயாமல் பேசுகிறாரே, நான் மட்டும் என் மனிதரைப் பற்றி ஏன் பேசக் கூடாது?

அந்தக் கேள்விக்கு ஷிரோவிடம் பதில் இல்லை. பதிலுக்குச் சமைத்துப் போடுகிறார். கென்ஜியும் சாப்பிட்டுவிட்டுச் சமாதானமாகிவிடுகிறார். இதை இனிமை என்கிறீர்கள். ஒருவனுடைய வாயைச் சோற்றால் அடைப்பது என்று நான் சொல்வேன்.

முதல் சீசன் முழுக்க ஒரு முத்தம் கிடையாது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். பார்ப்பவர்களின் வயிறு கலங்காமல் இருக்க வேண்டும் என்று பக்குவமாகச் சமைத்த தொடர் இது.

தையல்காரி எழுதியது:

தம்பி, முத்தத்தைப் பற்றி நான் சண்டைக்கு வரவில்லை. இருந்திருந்தால் நானும் பார்த்திருப்பேன்.

ஷிரோவைக் கோழை என்பதில் மட்டும் ஒரு வார்த்தை. தர்பூசணிக் காட்சி நினைவிருக்கிறதா? கடையில் மலிவு விலையில் ஒரு முழுப் பழம். இரண்டு பேருக்கு அது அதிகம். பக்கத்தில் நின்ற கயோகோ என்ற அம்மாளும் அதே கவலையில் நிற்கிறார். பாதிப் பாதி பிரித்துக்கொள்ளலாம் என்று அவர் வீட்டுக்குப் போகிறார்கள். உள்ளே போன பிறகுதான் முன்பின் தெரியாத ஆணை வீட்டுக்குள் விட்டுவிட்டோம் என்று அந்த அம்மாளுக்கு உறைக்கிறது, அலறிவிடுகிறார். அவர் பயத்தைப் போக்க, நாற்பது வருடம் பொத்திப் பொத்தி வைத்ததை ஷிரோ அந்த இடத்தில் கொட்டிவிடுகிறார்: பயப்படாதீர்கள், எனக்கு ஆண்களைத்தான் பிடிக்கும்!

அலுவலகத்தில் வராத தைரியம் பாதித் தர்பூசணிக்கு வந்துவிட்டது. அதற்குப் பிறகு கயோகோவும் அவரும் வாரம் தவறாமல் காய்கறியைப் பங்குபோடும் தோழர்கள். நான் சிரித்ததில் ஊசி விரலில் ஏறிவிட்டது.

ஒசாகாக்காரன் எழுதியது:

அதன் தொடர்ச்சி அதைவிட வேடிக்கை. கயோகோவின் கணவர் வெள்ளை மனம் படைத்தவர். ‘எனக்குத் தெரிந்த இன்னொருவரும் உங்களைப் போலத்தான், வாருங்கள் சேர்த்துவைக்கிறேன்’ என்று ஷிரோவை ஒருவரிடம் அழைத்துப்போகிறார். தெலுங்கர் ஒருவரைக் கண்டால் ‘எனக்கும் ஒரு தெலுங்கரைத் தெரியும்’ என்று சொல்வோம் இல்லையா, அதே தினுசு. அப்படி வந்து சேர்ந்தவர்தான் கொஹினாதா.

இந்தக் கொஹினாதா தன் துணையைப் பழைய மாங்கா ஒன்றில் வரும் கில்பர்ட் என்ற பேரழகனுக்கு ஒப்பிட்டுப் பேசுவார். நாமும் தேவகுமாரனை எதிர்பார்த்து உட்கார்ந்திருப்போம். வந்து நிற்பது தாடி மழிக்காத, தலை கலைந்த, வாய்த்துடுக்கு மிகுந்த ஓர் ஆசாமி!

பழையபேப்பர் எழுதியது:

நான் எழுந்துபோன பிறகுதான் நல்ல காட்சிகள் எல்லாம் வருகின்றன போலிருக்கிறது. ஷிரோவின் அம்மா வேடத்தில் வருபவரை எங்கோ பார்த்த நினைவு.

ஒசாகாக்காரன் எழுதியது:

காஜி மெய்கோ. 1973-இல் ‘லேடி ஸ்னோபிளட்’ படத்தில் வாளெடுத்துப் பழிதீர்த்தவர். ஷிரோவாக நடிக்கும் நிஷிஜிமா ஹிதேதோஷியை ‘டிரைவ் மை கார்’ படத்தில் பலர் பார்த்திருப்பீர்கள். கென்ஜியாக வருபவர் உச்சினோ செயோ.

மாடிவீடு எழுதியது:

அந்த அம்மா பாத்திரத்தைப் பற்றி யாராவது எழுதுவீர்கள் என்று காத்திருந்தேன். நீங்கள் காய்கறிக் கடையை விட்டு வெளியே வரவே மாட்டேன் என்கிறீர்கள்.

மகன் ஆண்களை விரும்புகிறவன் என்று தெரிந்ததும் முதலில் ஏதோ ஒரு மதக் குழுவில் விழுந்து பணத்தைக் கரைத்திருக்கிறார். பிறகு படித்துத் தெளிந்துவிட்டதாக அவருக்கே ஒரு நினைப்பு. அப்புறம் மகனைப் பார்க்கும்போதெல்லாம் உபதேசம்: எதையும் மறைக்காதே, வேலையிடத்தில் சொல்லிவிடு. நீ தன்பாலீர்ப்புள்ளவனாக இருந்தாலும் குற்றவாளியாக இருந்தாலும் நாங்கள் ஏற்றுக்கொள்ளத் தயார் என்று உருக்கமாகச் சொல்கிறார்.

குற்றவாளியாக இருந்தாலும்! அந்த இடத்தில் நிஷிஜிமாவின் முகத்தைப் பாருங்கள். கோபிக்கவும் முடியவில்லை, நன்றி சொல்லவும் முடியவில்லை. அம்மாவோ எவ்வளவு பெரிய வார்த்தை சொல்லிவிட்டோம் என்ற நிறைவில் இருக்கிறார். அந்த அம்மாளை எனக்கு வெறுக்கத் தெரியவில்லை. என் அத்தை ஒருத்தி இப்படித்தான், அன்பு மிகுந்துவிட்டால் கல்லைத் தூக்கிப் போடுவாள்.

வக்கீல்குமாஸ்தா எழுதியது:

எனக்குப் பிடித்தது ஒரு துணைக்கதை. ஷிரோவிடம் சட்ட ஆலோசனை கேட்கும் மூத்த ஜோடியை யாரும் குறிப்பிடவில்லை. அவர்களில் டெட்சு என்பவர் பாடுபட்டுச் சேர்த்த சொத்து முழுவதும் தன் துணைவர் யோஷிக்குப் போக வேண்டும், பெற்றோருக்கு ஒரு காசு கூடப் போகக் கூடாது என்கிறார். சத்தம் போடாமல், சாதாரணமாகச் சொல்கிறார். அந்த வீட்டில் என்ன நடந்தது என்று தொடர் சொல்லவில்லை. சொல்லாததுதான் சரி.

சட்டம் இப்படி. ஜப்பானில் மனைவியோ பிள்ளையோ இல்லாதவர் இறந்தால் சொத்து பெற்றோருக்குப் போகும். உயில் எழுதினாலும் முழுதாகத் தப்பாது. பெற்றோர் மட்டும் வாரிசு என்றால் மூன்றில் ஒரு பங்கை அவர்கள் கேட்டுப் பெறலாம். ஒருபால் திருமணத்துக்கு அங்கே இடமில்லை. எனவே எஞ்சும் வழி தத்தெடுப்பு. வயதுவந்தவரையும் அங்கே தத்தெடுக்கலாம்; தத்துப் போகிறவர் ஒருநாளாவது இளையவராக இருந்தால் போதும். பிள்ளை என்று ஒருவர் வந்துவிட்டால் பெற்றோரின் உரிமை அற்றுப்போகிறது.

ஆக, காதலர்கள் பதிவேட்டில் தகப்பனும் மகனும் ஆகிறார்கள்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. தத்து உறவு கொண்ட இருவர், அந்த உறவை ரத்துசெய்த பிறகும் ஒருவரையொருவர் மணக்க முடியாது என்கிறது அவர்களுடைய குடிமைச் சட்டத்தின் 736-ஆம் பிரிவு. நாளைக்கே ஒருபால் திருமணத்தைச் சட்டம் ஏற்றாலும் பழைய தத்துப் பத்திரம் குறுக்கே வந்து நிற்கும். சப்போரோ மாவட்ட நீதிமன்றம் 2021 மார்ச் 17-இல், திருமண உரிமை மறுப்பு அரசமைப்புக்கு முரண் என்று சொன்னது. டோக்கியோவின் ஷிபுயா, செத்தகயா வட்டங்கள் 2015-இல் ஒருபால் ஜோடிகளுக்கு இணையர் சான்று தரத் தொடங்கின, டோக்கியோ மாநகரம் 2022 நவம்பரில். அந்தச் சான்றுகளால் மருத்துவமனையிலும் வாடகை வீட்டிலும் கொஞ்சம் மரியாதை கிடைக்கும். வாரிசுரிமை கிடைக்காது.

பழையபேப்பர் எழுதியது:

நம் ஊரில் இந்தத் தத்து வித்தை பலிக்குமா?

வக்கீல்குமாஸ்தா எழுதியது:

இந்துத் தத்தெடுப்புச் சட்டப்படி 15 வயது நிறைந்தவரைத் தத்தெடுக்க முடியாது, அதற்கு மாறான வழக்காறு இருந்தால் ஒழிய. ஆனால் சுயசம்பாத்தியத்தை யாருக்கு வேண்டுமானாலும் உயில் எழுதலாம். எழுதிவைத்து, சாட்சி இரண்டு பேரிடம் கையெழுத்தும் வாங்கிவிடுங்கள். இழையை விட்டு விலகிவிட்டேன், மன்னிக்கவும்.

கடைசிபெஞ்சு எழுதியது:

விலகவில்லை சார். குறித்துக்கொண்டேன்.

மாடிவீடு எழுதியது:

இதே மாதிரி மென்மையாக வேறு தொடர் இருந்தால் சொல்லுங்கள். மழையில் ஓடினாலும் பரவாயில்லை.

ஒசாகாக்காரன் எழுதியது:

‘செர்ரி மேஜிக்’ பாருங்கள், 2020-இல் இதே டிவி டோக்கியோ தந்தது. முப்பது வயதுவரை கன்னி கழியாத அலுவலக ஊழியனுக்குத் தொட்டவர்களின் மனத்தைப் படிக்கும் சக்தி வந்துவிடுகிறது. மின்தூக்கி நெரிசலில் உடன் வேலைபார்க்கும் அழகனைத் தற்செயலாகத் தொட்டால், அவன் மனத்தில் இவன்! அது இனிப்பு. இது தினச் சாப்பாடு. இரண்டும் வேண்டும்.

பழையபேப்பர் எழுதியது:

ஒப்புக்கொள்கிறேன், மறுபடி உட்கார்ந்தேன். புத்தாண்டுக்கு ஷிரோ பெற்றோர் வீட்டுக்குப் போய்விடுகிறார். கென்ஜி வீட்டில் தனியாள். சப்போரோ இச்சிபான் மீசோ ராமென் நூடுல்ஸ் பாக்கெட்டைப் பிரித்து, காய்கறி, முட்டை என்று மேலே குவித்து, தனக்குத்தானே பேசிக்கொண்டு சாப்பிடுகிறார். குஷியாகத்தான் சாப்பிடுகிறார். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை, சோக வயலின் இல்லை.

அந்த நேரம் பார்த்து என் மனைவி உள்ளே வந்தார். இரண்டு நிமிடம் நின்று பார்த்துவிட்டு, ‘பண்டிகை நாளும் அதுவுமாக இந்தப் பிள்ளை ஏன் தனியாகச் சாப்பிடுகிறது?’ என்றார். விளக்கினேன். ‘அதற்கென்ன, அவனையும் கூட்டிக்கொண்டு போக வேண்டியதுதானே’ என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். இப்போது ரிமோட் அவரிடம்.

தையல்காரி எழுதியது:

அம்மையாரிடம் சொல்லுங்கள், கடைசி எபிசோடில் கூட்டிக்கொண்டு போகிறார்!

கென்ஜி அன்று ஷிரோவின் பெற்றோர் வீட்டு மேசையில் உட்கார்ந்து சாப்பிடுகிறார். பழைய போட்டோ ஆல்பம் பார்க்கிறார். திரும்பி வரும் வழியில் அழுகை வந்துவிடுகிறது. காதலிக்கிறவருடைய வீட்டில் பெற்றோரோடு உட்கார்ந்து ஒருவேளை சாப்பிடுவேன் என்று நினைத்ததே இல்லை, இப்போதே செத்தாலும் சரி என்கிறார். ஷிரோவுக்குச் செல்லம் கொஞ்சத் தெரியாது. என்ன பேச்சு இது என்று அதட்டிவிட்டு, எண்ணெயையும் சர்க்கரையையும் குறைத்து, உப்பை மட்டாகப் போட்டுச் சாப்பிட்டு, நாம் நெடுநாள் இருப்போம் என்கிறார்.

கடைசிபெஞ்சு தம்பி, முதல் எபிசோடில் கென்ஜி கேட்டதற்குப் பதில் வந்துசேர பன்னிரண்டு வாரம் ஆயிற்று என்று வைத்துக்கொள்ளலாமா?

கடைசிபெஞ்சு எழுதியது:

அக்கா, அதோடு நிறுத்தியவர்களுக்கு அது சுபம். 2021 நவம்பரில் வந்த திரைப்படத்தையும் பாருங்கள். அந்த விருந்துக்குப் பிறகு அம்மா நிலைகுலைந்து படுத்துவிட்டார், அதனால் அடுத்த புத்தாண்டுக்குக் கென்ஜியை அழைத்துவர வேண்டாம் என்று பெற்றோர் சொல்லிவிடுகிறார்கள். படித்துத் தெளிந்த அதே அம்மா! அந்தக் குற்ற உணர்ச்சியில் ஷிரோ கென்ஜியைக் கியோத்தோவுக்குச் சுற்றுலா அழைத்துப்போகிறார். செலவுக்கு அஞ்சாமல் திடீரென்று இத்தனை கரிசனம் என்றால் ஷிரோவுக்கு ஏதோ தீராத நோய் என்று கென்ஜி நடுங்குகிறார். சிரித்தேன், பிறகு சிரிக்க முடியவில்லை.

பிற்பாடு ஷிரோ பெற்றோரிடம், இனிப் புத்தாண்டைக் கென்ஜியோடுதான் கழிப்பேன் என்று சொல்லிவிடுகிறார். குரலை உயர்த்துவதில்லை. அங்கேதான் என் கட்சி கொஞ்சம் ஆட்டம் கண்டது.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். முதலில் அவ்வளவு சூடாக எழுதியதற்குக் காரணம், எங்கள் வீட்டில் ஷிரோ நான்தான். ஆறு வருடமாக ஒருவனோடு வாழ்கிறேன். அலுவலகத்தில் அவன் ‘அறையில் உடன் இருப்பவர்’. ஒருமுறை அவனுக்கு டெங்கு வந்தபோது ‘வீட்டில் உறவினருக்கு உடம்பு சரியில்லை’ என்று விடுப்பு எழுதினேன். அவன் அதைக் கேட்டுவிட்டு, ‘எந்த வகை உறவினர்? மாமா மகனா, சித்தப்பா மகனா?’ என்றான். நான் அன்று கஞ்சி வைத்துக் கொடுத்தேன்.

மாடிவீடு எழுதியது:

வாயைச் சோற்றால் அடைத்தீர்கள்.

கடைசிபெஞ்சு எழுதியது:

ஆமாம். கஞ்சியால்.

பழையபேப்பர் எழுதியது:

தம்பி, ஒரு சந்தேகம். கேட்கலாமா வேண்டாமா என்று தெரியவில்லை. உங்கள் வீட்டில் தெரியுமா? சொல்ல விருப்பமில்லை என்றால் விட்டுவிடுங்கள். என் மனைவி கேட்கச் சொன்னார்.

கடைசிபெஞ்சு எழுதியது:

தெரியும், தெரியாது, இரண்டும்தான் ஐயா.

அம்மா வருடம் தவறாமல் எலுமிச்சை ஊறுகாய் போட்டு ஊரிலிருந்து ஒரு பாட்டில் அனுப்புவார். போன மாதம் பார்சலைப் பிரித்தால் இரண்டு பாட்டில்கள். ஒன்று வழக்கம்போலச் சிவப்பு. மற்றது வெளிர் மஞ்சள், மிளகாய்த்தூள் பெயருக்குத்தான். அவனுக்குக் காரம் ஆகாது என்று எப்போதோ தொலைபேசியில், வேறு ஏதோ பேச்சுக்கு நடுவில் சொல்லியிருக்கிறேன். எனக்கே அது மறந்துபோயிருந்தது.

பாட்டிலின் மேல் எதுவும் எழுதவில்லை. பார்சல் வந்துவிட்டதா என்று மட்டும் கேட்டார். வந்துவிட்டது என்றேன். ‘இரண்டும் உடையாமல் வந்ததா?’ என்றார். வந்தது என்றேன்.

தையல்காரி எழுதியது:

காரம் குறைத்தவர் உப்பையும் குறைத்திருப்பார். வெளியே வைத்தால் பூசணம் பிடித்துவிடும். மஞ்சள் பாட்டிலை ஃப்ரிட்ஜில் வையுங்கள். அவரிடம் ஈரக் கரண்டி போட வேண்டாம் என்று சொல்லுங்கள்.